பகை இல்லாத ஆட்டம்

பாடியிலிருந்து முகப்பேர் வழியாக மேல் அயனம்பாக்கம் வரை உள்ள சில கிலோமீட்டர் நிலம் உலகச் சதுரங்கத்துக்குக் கொடுத்திருப்பது அதிகம். பிரக்ஞானந்தா பாடிக்காரர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் உலகச் சாம்பியனான குகேஷ் மேல் அயனம்பாக்கத்துப் பள்ளியில் படித்தவர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் செஸ் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்: எதிரே உட்கார்ந்திருப்பவர் தோற்க வேண்டும். ஒருவர் ஜெயித்த புள்ளி இன்னொருவர் இழந்த புள்ளி. இதில் தவறு ஒன்றும் இல்லை, போட்டி ஆட்டம் அப்படித்தான் இயங்கும். ஆனால் அதே பலகையில், அதே முப்பத்திரண்டு காய்களைக் கொண்டு, இரு தரப்பும் ஒரே முடிவை விரும்பி ஆடும் ஒரு கிளை நூற்று எழுபது ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது. அதற்கு ஹெல்ப்மேட் என்று பெயர். போட்டி வீரர்களில் பெரும்பாலானோர் அதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. சமயச் சிந்தனை நெடுங்காலமாக ஒப்புக்கொண்டு வந்திருக்கும் ஓர் எண்ணத்துக்கு, அதாவது எதிரி இல்லாமல் ஆட்டத்துக்குப் பொருள் கிடையாது என்ற எண்ணத்துக்கு, அது நேரான மறுப்பு.

முதலில் புதிரின் இலக்கணம். ஹெல்ப்மேட்டில் கறுப்பு முதலில் நகர்கிறது. குறித்த எண்ணிக்கை நகர்வுகளில் கறுப்பு ராஜா செக்மேட் ஆக வேண்டும், அதற்காகக் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஜெர்மானியர் மாக்ஸ் லாங்கே 1854இல் இந்த வகையில் ஒரு புதிரை வெளியிட்டார். கறுப்பு தொடங்கி வைக்கும் இன்றைய வடிவத்தை அமெரிக்கப் புதிர் மன்னர் சாம் லாயிட் 1860இல் செஸ் மந்த்லி இதழில் அச்சேற்றினார். லாயிடின் புதிரில் ஆளுக்கு மூன்று நகர்வுகள். கறுப்பு ராஜா பலகையின் ஒரு மூலையை நோக்கி ஒவ்வொரு கட்டமாக நடக்கிறது. வெள்ளை யானை அதே கடைசி வரிசையின் மறு மூலைக்குப் போய் நிற்கிறது. அது நின்ற கணமே அந்த வரிசை முழுதும் அதன் ஆட்சிக்குள் வந்துவிடுகிறது, ராஜாவால் மூலைக்குள் காலை வைக்க முடியாது. இப்போது வெள்ளை செய்வதைப் பார்க்க வேண்டும். தன் மந்திரியைக் கொண்டுபோய்த் தன் யானைக்குப் பக்கத்துக் கட்டத்தில் வைத்து அதன் பார்வையை மறைத்துவிடுகிறது. வரிசை பாதுகாப்பாகிறது, ராஜா மூலைக்குள் வந்து சேர்கிறது. உடனே மந்திரி நடுப்பலகைக்கு விலகி மூலைவிட்டத்தில் செக் சொல்கிறது. அது விலகியதால் யானையின் பாதையும் திறந்து இரண்டாவது செக் விழுகிறது. ஆட்டம் முடிந்தது. இதில் சக்தியைக் காட்டிய நகர்வு கடைசி ஒன்றுதான். நடுவில் நடந்த நகர்வு சக்தியை ஒளித்துவைத்த நகர்வு. அந்த ஒளிப்பு இல்லாவிட்டால் ராஜா உள்ளே வந்திருக்கவே முடியாது.

இருவரும் சேர்ந்து ஆடினால் எல்லாம் சுலபம்தானே என்று தோன்றும். விடை தேடி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அப்படி இல்லை. நகர்வுகளின் எண்ணிக்கை அறுதியிட்டது, ஒன்று கூடவோ குறையவோ கூடாது. முறை வந்தால் நகர்ந்தே ஆக வேண்டும், 'இந்த முறை சும்மா இருக்கிறேன்' என்று சொல்ல இடமில்லை. எல்லாம் தயாராக இருந்தும் ஒரே ஒரு வீண் நகர்வு கிடைக்காததால் முழு ஏற்பாடும் கலைந்துபோகிற புதிர்களுக்கென்றே ஒரு தனி வகை உண்டு. புதிர் அமைப்பவர் எண்ணிய விடையைத் தவிர வேறு விடை இருக்கக் கூடாது, நகர்வுகளின் வரிசைகூட மாறக் கூடாது. அமைப்பவருக்குத் தெரியாமல் இன்னொரு விடை நுழைந்துவிட்டால் அதைக் 'குக்' என்பார்கள், புதிர் செல்லாது. இன்று போப்பை போன்ற கணினி நிரல்கள் அதைச் சில நொடிகளில் காட்டிக் கொடுத்துவிடுகின்றன. ஆக இங்கே தடை இருக்கிறது, அதுவும் கடுமையான தடை. அது யாருடைய கெட்ட எண்ணத்திலிருந்தும் வரவில்லை. விதியிலிருந்து வருகிறது, நேரம் குறைவாக இருப்பதிலிருந்து வருகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் சொந்தக் காய்களே தன் வழியில் நிற்பதிலிருந்து வருகிறது. நல்ல ஹெல்ப்மேட் புதிர்களைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: நண்பன் நண்பனுக்குக் குறுக்கே நிற்கிறான், எப்போது நிற்பது, எப்போது விலகுவது என்பதே பிரச்சினை.

இனிச் சமயக் கேள்வி. உலகைப் படைத்தவனுக்கு அதனால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்றால் ஏன் படைத்தான்? பிரம்ம சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தின் முதல் பாதத்தில் இதற்குச் சொல்லும் விடை, லீலை. அடுத்த சூத்திரமே அந்த விடையிலிருந்து எழும் அடுத்த கேள்வியைக் கையில் எடுக்கிறது: விளையாட்டு என்றால் அதில் இவ்வளவு பாரபட்சமும் கொடுமையும் ஏன்? அதற்குச் சாத்திரம் கர்மத்தைக் காட்டிப் பதில் சொல்கிறது. ஆனால் மேடைப் பிரசங்கத்திலும் வீட்டுப் பேச்சிலும் நமக்குக் கிடைக்கும் பதில் வேறு. ராவணன் இல்லாவிட்டால் ராமனுக்கு என்ன வேலை, இருட்டு இல்லாவிட்டால் வெளிச்சத்தின் அருமை தெரியுமா, என்பது அது. மேற்கே சமய மெய்யியலார் ஜான் ஹிக் 1966இல் வெளியிட்ட நூலில் இதை இன்னும் நுட்பமாகச் சொன்னார்: துன்பமும் எதிர்ப்பும் இல்லாத உலகில் ஆன்மா பக்குவப்பட வழியில்லை. இந்த இரண்டுக்கும் இடையே தூரம் உண்டு, ஹிக் பேசுவது துன்பத்தைப் பற்றியும்தான், பகைமையை மட்டும் பற்றி அல்ல. இருந்தாலும் கூட்டங்களில் அவர் வாதம் இறங்கிவரும்போது, எதிரி ஒரு தேவை என்ற இடத்தில் வந்துதான் நிற்கிறது. நம் அக்கம்பக்கத்துத் தலபுராணங்களும் அதற்குச் சாட்சி சொல்கின்றன. ஆவடிக்குப் பக்கத்தில் வடதிருமுல்லைவாயிலில் மாசிலாமணி ஈசுவரரின் நந்தி சன்னதியைப் பார்க்காமல் கிழக்கு நோக்கி இருக்கிறது. குறும்பரிடம் தோற்றுத் திரும்பிய தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, அவன் கொடியை வெட்ட, வாள் லிங்கத்தின் மேல் பட, மன்னன் மனம் உடைந்து நிற்க, இறைவன் வெளிப்பட்டு நந்தியை அவனுக்குத் துணையாகப் போருக்கு அனுப்பினார் என்பது கதை. அருள் அங்கே படையெடுப்பாக வந்து சேர்கிறது, எதிரி வேண்டியிருக்கிறது.

ஹெல்ப்மேட் மறுப்பது இந்த 'வேண்டியிருக்கிறது' என்பதைத்தான். எதிரி இருக்கும் ஆட்டம் பொருளற்றது என்று அது சொல்லவில்லை. எதிரி இல்லாவிட்டால் முயற்சியும் அருமையும் அழகும் இருக்காது என்ற பொது விதியை மட்டும் ஓர் எதிர்க்காட்டாக நின்று உடைக்கிறது. ஒரு பொது விதியை உடைக்க ஒரு காட்டு போதும். ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் லீலைக்குக் காட்டும் உதாரணம் இங்கே கவனிக்கத் தக்கது. ஏழு தீவுகளையும் ஆளும் பேரரசன் ஒருவன் வேறு நோக்கம் ஏதுமின்றிப் பந்தாடுவதைத்தான் அவர் காட்டுகிறார், அவன் எதிரி நாட்டின்மீது படை நடத்துவதை அல்ல. பந்துக்கும் அரசனுக்கும் பகை ஒன்றும் இல்லை. நமது உரைமரபு லீலைக்கு அசுரனைக் கட்டாயமாக்கவில்லை, அதைக் கட்டாயமாக்கியது கதை சொல்லும் வசதி.

இதற்கு முதலில் வரும் மறுப்பு: ஹெல்ப்மேட் ஆட்டமே இல்லை. சதுரங்கம் என்றால் நால்வகைப் படை, போரை எடுத்துவிட்டால் மிச்சம் மரத்துண்டுதான். டாங்கி செய்யும் ஆவடியில் நின்று இதைச் சொன்னால் கைதட்டல்கூடக் கிடைக்கும். ஆனால் ஆட்டம் என்றால் என்ன என்று ஒழுங்காக யோசித்த மெய்யியலார் பெர்னார்ட் சூட்ஸ், 1978இல் வந்த தன் நூலில் எதிரியை ஆட்டத்தின் இலக்கணத்தில் சேர்க்கவே இல்லை. அவர் சேர்த்தது, தேவையில்லாத தடைகளைத் தானாக ஏற்றுக்கொண்டு அவற்றைக் கடக்க முயல்வது. மலையேறுகிறவனுக்கு மலை எதிரி அல்ல. சதுரங்கப் புதிரைப் பொறுத்தவரை விஷயம் இன்னும் தெளிவு. நாவலாசிரியர் விளாடிமிர் நபக்கோவ் தாமே புதிர் அமைத்தவர். புதிரில் உண்மையான போராட்டம் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே நடப்பதில்லை, அமைப்பவருக்கும் விடை தேடுபவருக்கும் நடுவேதான் நடக்கிறது என்பது அவர் கருத்து. கணித மேதை ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி, சதுரங்கப் புதிர் உண்மையான கணிதம் என்றே ஒப்புக்கொண்டார், அற்பமான கணிதம் என்று ஒரு குறையையும் சேர்த்துக்கொண்டு. கணிதத் தேற்றத்துக்கு எதிரி யார்?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளை ஜெயிக்க, கறுப்பு எதிர்க்க அமைந்த வழக்கமான புதிரிலும் கறுப்பின் எதிர்ப்பு முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டதுதான். 1845இல் 'இந்தியப் புதிர்' என்று பெயர் பெற்ற ஒன்று டில்லியிலிருந்து 'ஷாகிர்த்' என்ற புனைபெயரில் லண்டன் இதழுக்குப் போனது. அனுப்பியவர் ஹென்றி அகஸ்டஸ் லவ்டே, ஒரு பாதிரியார். அதிலும் கறுப்புக்கு நகர இடமில்லாமல் போகும் தறுவாயில் வெள்ளை தன் காயின் பாதையைத் தானே மறித்து வழி விட்டு, பிறகு திறக்கிறது. பகைவர்கள் என்று பெயரளவில் சொல்லிக்கொள்ளும் அந்தப் புதிரிலேயே உதவி ஒளிந்திருக்கிறது. பாகவதத்தின் ஜய விஜயர் கதையை இதோடு வைத்துப் பார்க்கலாம். வைகுண்டத்து வாயில் காப்போர் இருவரும் சாபம் பெற்று, சீக்கிரம் திரும்பிவர வேண்டுமென்று பகைவராக மூன்று பிறவி எடுக்கிறார்கள். இரணியன், ராவணன், சிசுபாலன் எல்லாம் அந்தக் கணக்குதான். புராணமே தன் மிகப் பெரிய எதிரிகளை உள்ளே திருப்பிப் பார்த்தால் உதவியாளர்கள் என்கிறது. அப்படியானால் பகை என்பது மேல்பூச்சு. ஹெல்ப்மேட் அந்தப் பூச்சைச் சுரண்டிவிட்டு ஆடுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. இரண்டு தரப்பும் ஒரே குறிக்கோளோடு ஆடினால் அங்கே இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள்? விடை தேடுகிற ஒரே மனம் இரண்டு நிறக் காய்களையும் நகர்த்துகிறது, ஒத்துழைப்பு என்ற சொல்லே பொய். அத்வைதி இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடும். விடை பூந்தமல்லியில் இருக்கிறது. அங்கே பிறந்தவர் என்று மரபு சொல்லும் திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதனுக்கு விசிறி வீசித் தொண்டு செய்தவர். ராமானுஜர் மனத்தில் இருந்த ஐயங்களுக்கு அவர் வரதனிடம் கேட்டு வாங்கி வந்த விடைகளை வைணவர் ஆறு வார்த்தை என்பார்கள். அவற்றில் ஒன்று, இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள வேறுபாடு மெய் என்பது. ஹெல்ப்மேட்டின் உயிர்நாடியும் அதுதான். குறிக்கோள் ஒன்றானாலும் இடம் வேறு, வல்லமை வேறு, முறை வேறு. வெள்ளையால் கறுப்பு ராஜாவைத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் வைக்க முடியாது, அது தானே நடக்க வேண்டும். கறுப்பால் தனக்குத் தானே செக் சொல்லிக்கொள்ள முடியாது, அது வெள்ளையிடமிருந்து வர வேண்டும். இந்த வேறுபாட்டை எடுத்துவிட்டால் புதிர் குலைந்துவிடும். பகைமையை எடுத்துவிட்டால் ஒன்றும் குலையவில்லை. மனம் ஒன்றா இரண்டா என்பது இங்கே இரண்டாம் பட்சம்.

வைணவத்துக்குள் வடகலையும் தென்கலையும் நூற்றாண்டுகளாக வாதாடியதும் கிட்டத்தட்ட இதே கட்டத்தில்தான். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியா, சரணடைகிற உயிர் எது? வேதாந்த தேசிகர் பக்கம் உயிரின் ஒரு சிறு முயற்சிக்கு இடம் இருக்கிறது, பிள்ளை லோகாசாரியர் பக்கம் அந்த முயற்சியே ஒரு தடை. இதை அறியாமலே புதிர் உலகம் இரண்டுக்கும் வடிவம் கொடுத்து வைத்திருப்பது ஒரு வேடிக்கை. தொடர் மேட் என்ற வகையில் வெள்ளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து மேட் செய்கிறது, கறுப்பு அசைவதே இல்லை. அது பூனைக்குட்டி. தொடர் ஹெல்ப்மேட் என்பதில் கறுப்பு மட்டும் பத்தோ இருபதோ நகர்வுகளைத் தனியே செய்து தன்னைத் தயார் செய்துகொள்ள, கடைசியில் வெள்ளை ஒரே ஒரு நகர்வு செய்கிறது. அது தேசிகரின் குட்டியைவிட அதிகமாக உழைக்கிற குட்டி, ஆனாலும் கடைசி அடி தன் கையில் இல்லை. சாதாரண ஹெல்ப்மேட்டில் ஒன்று விட்டு ஒன்று, சமமாக. எந்தக் கலை சரி என்று சதுரங்கம் தீர்ப்புச் சொல்லாது. மூன்று வகையிலும் எதிர்ப்பு எங்கும் இல்லை, மூன்றிலும் கடினம் குறையவில்லை என்பதே எனக்கு வேண்டிய செய்தி.

மூன்றாவது மறுப்பைத்தான் லேசில் தள்ள முடியாது. எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் முடிவில் ஒரு ராஜா மாட்டிக்கொள்கிறது. வெள்ளைக்கு நேர்வதில்லை, கறுப்புக்கு நேர்கிறது. தோற்கிறவன் தன் தோல்விக்கு உழைப்பதை அழகு என்று கொண்டாடுவது ஆபத்தான ரசனை. பக்தி மரபு இதற்கு உடனே ஒரு பதில் வைத்திருக்கும். நீடாமங்கலம் பக்கத்துத் திருப்பூவனூரில் இறைவன் பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் யாரிடமும் தோற்காத இளவரசியாக வளர்ந்த அம்பிகையை ஒரு முதிய சித்தர் வேடத்தில் வந்த சிவன் வென்று மணந்தார் என்கிறது தலபுராணம். தோற்றவளுக்கு அந்தத் தோல்வியே திருமணம். அழகான கதைதான், ஆனால் அது மறுப்பைத் தீர்க்கவில்லை, இனிப்புப் பூசுகிறது. ஒத்துழைப்பு என்ற பெயரில் பலவீனமானவனைத் தன் இழப்புக்குத் தானே ஒப்பமிட வைப்பது நம் சமூகத்தில் அன்றாடம் நடக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறையிலும் 'நாமெல்லாம் ஒரு குடும்பம்' என்ற பேச்சு யாரைக் குறித்து, எப்போது சொல்லப்படுகிறது என்று தொழிலாளிக்குத் தெரியும்.

பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு இதை உள்ளபடி காட்டுகிறது, ஒரே அடியாரின் வாழ்வில் இரண்டு விதமாகவும். திருப்புன்கூரில் புலையர் குலத்தவரான அவர் வெளியே நின்று உள்ளே பார்க்க முடியாமல் தவித்தபோது இறைவன் நந்தியை விலகச் சொன்னார், இன்றும் அங்கே நந்தி ஒதுங்கித்தான் இருக்கிறது. தன் பாதையை மறைத்த தன் காயைத் தானே விலக்கினார். லாயிடின் மந்திரி செய்த அதே வேலை. தில்லையில் நடந்தது அப்படி அல்ல. அங்கே மதில் விலகவில்லை, விதி விலகவில்லை, நாளைப்போவார்தான் தீயில் இறங்கி வேறு உருவத்தோடு எழ வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கீர்த்தனைகளாகப் பாடி ஊரெல்லாம் கொண்டுபோனார், இருபதாம் நூற்றாண்டின் வாசகர்கள் அந்தத் தீயைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். கேட்டது நியாயம். என் கணக்கில் திருப்புன்கூர் ஹெல்ப்மேட், தில்லை ஹெல்ப்மேட் அல்ல. வேறுபாடு இதில் இருக்கிறது: ஹெல்ப்மேட்டில் இரு தரப்புக்கும் அந்த முடிவைத் தவிர வேறு நலன் இல்லை, இரு தரப்பும் சமமாக நகர்கின்றன, விட்டுக்கொடுப்பது இரண்டு பக்கத்திலும் நடக்கிறது. தில்லையில் நகர்ந்தது ஒரு பக்கம் மட்டுமே, மறுபக்கம் காவல் காத்த வேலி அப்படியே நின்றது. எனவே மூன்றாவது மறுப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. ஹெல்ப்மேட் என்று பொய்யாகப் பெயர் சூட்டிக்கொள்ளும் ஏற்பாடுகளைத்தான் அது தாக்குகிறது, ஹெல்ப்மேட்டை அல்ல. 'நீயும் சேர்ந்து செய்' என்று யாராவது சொன்னால், அவர் பக்கத்துக் காய் ஏதாவது இதுவரை விலகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

திருமழிசையில் தில்லைக்கு நேர்மாறான ஒரு கதை உண்டு. பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள அந்த ஊரில் பிறந்த ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைக் காஞ்சி அரசன் நாடு கடத்தினான், தன்னைப் பாட மறுத்ததற்காக. ஆழ்வாரும் கிளம்பினார், திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உடன் வரச் சொன்னார். பெருமாள் வந்தார். அரசன் மன்னிப்புக் கேட்டதும், திரும்பிப் போய்ப் படுக்கச் சொன்னார் ஆழ்வார், பெருமாள் போய்ப் படுத்தார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற பெயர் அப்படி வந்தது. தத்துவமாக இதில் எனக்குப் பிடித்தது, பெரியவர் நகர்ந்தார் என்பது. எதிரி என்று கதையில் ஓர் அரசன் இருக்கிறான்தான், ஆனால் அவனை யாரும் அழிக்கவில்லை, அவனுக்கு எதிராகப் படை திரளவில்லை. ஊர் காலியானது, அவ்வளவே. அவன் வழிக்கு வந்தான்.

ஃபேரி செஸ் பக்கம் திரும்பினால் கேள்வி இன்னொரு படி ஆழமாகிறது. ஹெல்ப்மேட்டில் நோக்கம் மாறியது, ஃபேரி செஸ்ஸில் விதியே மாறுகிறது. அதன் தந்தை என்று கொண்டாடப்படுபவர் ஆங்கிலேயர் டி. ஆர். டாசன். இன்னொரு காயைத் தாண்டி அடுத்த கட்டத்தில் குதிக்கும் வெட்டுக்கிளிக் காய் அவர் கண்டுபிடிப்பு. ராணியின் கோடுகளில் போகும், ஆனால் தாண்ட எதுவும் இல்லாவிட்டால் ஓர் அடிகூட எடுத்து வைக்காது. நண்பனோ எதிரியோ, யாராவது நடுவில் இருந்தாக வேண்டும் அதற்கு. 1968இல் பிரான்ஸில் வெளியான சர்சே என்ற விதியில் வெட்டுப்பட்ட காய் சாவதில்லை, ஆட்டம் தொடங்கியபோது இருந்த வீடு காலியாக இருந்தால் அங்கே மறுபடி பிறக்கிறது. அதைப் படித்தபின் நம் ஊர் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது. 1979இல் அப்துல் ஜப்பார் கர்வத்கர் என்ற இந்தியர் ஒரு விதியைக் கொண்டுவந்தார், அதற்குப் பெயர் மதராசி. ராஜா தவிர எந்தக் காயும், எதிர் நிறத்தில் தன் இனத்தைச் சேர்ந்த காயால் தாக்கப்பட்டால் உறைந்துபோகிறது, யானை யானையைப் பார்த்தால் இரண்டும் அசையாது. வெட்ட முடியாது, செக் சொல்ல முடியாது. இந்த விதியில் அமைத்த ஹெல்ப்மேட்டுகளில் ஒரு காயை முடக்குவதும் விடுவிப்பதும் நட்பின் வேலையாகிவிடுகிறது. முடக்குவது கேடு என்ற நம் இயல்பான எண்ணம் அங்கே வேலை செய்யாது.

சைவர் ஐந்தொழிலில் மறைத்தலையும் ஒன்றாக எண்ணி, அதையும் அருள் என்று சொல்வதைக் கேட்டு வெளியார் குழம்புவதுண்டு. படைத்தல், காத்தல் சரி, ஒளித்து வைப்பது எப்படி அருளாகும்? லாயிடின் மந்திரி யானையை மறைத்து நின்ற அந்த ஒரு நகர்வைப் பார்த்தவருக்கு இது விளங்கும். மறைப்பு இல்லாவிட்டால் அந்த உயிர் அந்த இடத்துக்கு வந்தே இராது. ஆனால் இங்கே ஒரு கணக்கு நேர்மையாகத் தீர்க்கப்பட வேண்டும். பகை இல்லாமலே வளமான ஆட்டம் சாத்தியம் என்று காட்டியது என் வாதம். விதிகளை விரும்பியபடி அமைக்கலாம் என்பதை ஃபேரி செஸ் சேர்க்கிறது. அப்படியானால் இவ்வளவு பகையும் வலியும் உள்ள பலகையை அடுக்கியவர் 'வேறு வழியில்லை' என்று சொல்ல முடியாது. இந்த வாதம் நாத்திகரின் கையையும் பலப்படுத்துகிறது, அதை மறைப்பதில் பயனில்லை. எதிரி தேவை என்ற சமாதானம் போனபின், கடவுளை நம்புகிறவருக்கு முன்னைவிடக் கடினமான கேள்விதான் மிஞ்சுகிறது.

அந்தக் கேள்வியின் முன் தடுமாறாமல் நிற்கும் நிலை சைவ சித்தாந்தத்துடையது என்று எனக்குத் தோன்றுகிறது. பதினான்காம் நூற்றாண்டுக்குள் மெய்கண்டார் முதல் உமாபதி வரை வகுத்துக்கொடுத்த கணக்கில் பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கமற்றவை. உயிரை மூடியிருக்கும் ஆணவ மலத்தை இறைவன் உண்டாக்கவில்லை, செம்பில் களிம்பு போல அது என்றும் உள்ளது. உடலும் கருவிகளும் உலகும் நுகர்ச்சியும் அவன் கொடுத்தவை, அவிழ்ப்பதற்காகக் கொடுத்தவை. புதிர் மொழியில் சொன்னால், அவன் பலகையை அடுக்கியவன் அல்ல. அடுக்கிக் கிடந்த பலகையில் உயிரோடு சேர்ந்து நகர்கிறவன், மறைக்க வேண்டிய இடத்தில் மறைத்து விலக வேண்டிய இடத்தில் விலகுகிறவன். இதற்கு விலை உண்டு. எல்லாம் அவன் படைப்பு என்று சொல்ல முடியாமல் போகிறது, வைணவரும் அத்வைதிகளும் ஒப்பமாட்டார்கள், அனாதி என்ற சொல் உண்மையில் கேள்வியைத் தள்ளிப்போடுகிறதே தவிரத் தீர்க்கவில்லை என்பார்கள். தள்ளிப்போடுகிறது என்பது சரிதான். ஆனால் தள்ளிப்போட்ட இடத்தில் அசுரனை நிறுத்தவில்லை. அடுக்கியது யார் என்று கேட்டால் யாரும் இல்லை என்கிறது, எதிரே யார் என்று கேட்டாலும் யாரும் இல்லை என்கிறது, நகர்வு மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது என்கிறது.